புது மனநலக் கவுன்சிலர்கிட்ட போறீங்களா, இதையெல்லாம் பண்ணிராதீங்க

ஏனுங்க, நம்ம பக்கம் கவுன்சிலிங் போறவங்க நெறைய பேர் பஞ்சாயத்துக்குப் போற மாதிரிதான் போறாங்க. "நான் சொல்றது சரியா, எம் மாமியா சொல்றது சரியா, நீங்களே சொல்லுங்க மேடம்"னு உக்காந்துக்கறது. தீர்ப்பு சொல்றது அவங்க வேலையே இல்லீங்க. முதல் செஷன் முக்கா மணி நேரமோ ஒரு மணி நேரமோ, பெரும்பாலும் கேள்வியிலயே போயிரும், தூக்கம் எப்படி, வீட்ல யார் யாரு, முன்னாடி எங்கியாச்சும் காட்டுனீங்களா, என்ன மாத்திரை போடறீங்க, செத்துப்போயிரலாம்னு நெனப்பு வந்திருக்கான்னுகூட நேராவே கேப்பாங்க, பயந்துராதீங்க, வழக்கமா கேக்கறதுதான், கேட்டதால அந்த நெனப்பு வந்துராது. "காசு குடுத்து நாமதான் பேசிட்டு வந்தோம், அந்தம்மா ஒண்ணுமே சொல்லல"ன்னு அதோட நிறுத்திக்கறவங்க நெறைய பேரு. மூணு நாலு செஷனாவது பாக்கோணும்.

அப்புறம் இந்தக் கூட்டத்தோட போறது. பையனுக்குப் பாக்கப் போனா அப்பா, அம்மா, சித்தப்பா ஒட்டுக்கா உள்ள போயிருவாங்க. "தூக்கம் வருதா தம்பி"ன்னு கேட்டா அப்பா பதில் சொல்லுவாரு, "அதெல்லாம் நல்லாத் தூங்கறானுங்க, இந்தப் போன்தான் பிரச்சனை". பையன் செருப்புக் காலையே பாத்துட்டு உக்காந்திருப்பான். தொணைக்குப் போங்க, வெளிய பெஞ்சுல இருங்க, தேவைன்னா அவங்களே கூப்புடுவாங்க.

சொந்தபந்தத்துக்குத் தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு கோபியில இருந்து கோயமுத்தூருக்கு பஸ் ஏறறவங்களும் உண்டு, தப்பில்ல, ஆனா வாராவாரம் அலைய முடியுமான்னு யோசிச்சுக்கங்க. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துல ரகசியம் காக்கறதே நம்ம உரிமைன்னு இருக்கு. உங்க உயிருக்கோ வேற யாருக்காச்சுமோ ஆபத்துங்கற மாதிரி செல நேரத்துல மட்டும் வெளிய சொல்லுவாங்க, எதெதுக்குன்னு முதல் நாளே கேட்டுருங்க. அதுக்காக சொந்தத்துலயே ஒரு கவுன்சிலர் இருக்காங்கன்னு அங்க போயிராதீங்க, நோம்பிக்கு நோம்பி மூஞ்சியில முழிக்கோணுமில்ல!

"நீங்க எந்த ஊருங்க, எந்தக் கூட்டம்"னு குலம் கோத்திரம் விசாரிக்கறத விட்டுட்டு படிப்பைக் கேளுங்க. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மருத்துவ உளவியல் படிச்சவங்கன்னா, ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கோணும், கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்க, கோவிச்சுக்கிட்டா வேற ஆளப் பாருங்க. மாத்திரை எழுதறது சைக்கியாட்ரிஸ்ட்ங்கற மனநல டாக்டர், கவுன்சிலிங் ஆரம்பிச்சாச்சுன்னு மாத்திரைய நீங்களா நிறுத்திராதீங்க.

செட் ஆகலைன்னா போனை எடுக்காம ஓடி ஒளியறதும் நம்மாளுங்க வழக்கம். "நீங்க பேசறது எனக்கு ஒத்துவரலீங்க"ன்னு நேராவே சொல்லிருங்க, முறைய மாத்துவாங்க, இல்ல வேறொருத்தர்கிட்ட அனுப்புவாங்க.

நடுராத்திரி மனசு தாங்கலைன்னா அடுத்த செஷன் வரட்டும்னு காத்திருக்க வேண்டாமுங்க, 14416க்கு அடிங்க, டெலி மானஸ்ங்கற மனநல உதவி போன் லைன், மத்திய அரசு 2022ல ஆரம்பிச்சது, காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம்.