அப்பா மிச்சம் வைத்த பாதித் தட்டு

மூளையின் வலப்பக்கம் ஸ்ட்ரோக் வந்து வீடு திரும்பியதிலிருந்து அப்பா தினமும் பாதிச் சாப்பாட்டை அப்படியே விட்டுவிடுவார். பசியில்லை போல என்று டானிக் வாங்கினோம், உப்பு குறைவால் பிடிக்கவில்லையோ என்று குழம்பை மாற்றினோம் (அம்மாவுக்கும் அவருக்கும் சண்டை வந்ததுதான் மிச்சம்), கண் டாக்டரிடமும் போனோம், கண்ணில் கோளாறு இல்லை என்றார். பத்து நாள் இப்படியே போச்சு.

அப்புறம் ஒருநாள், "பொரியல் வைக்கலையா?" என்று கேட்டார். பொரியல் தட்டின் இடது ஓரத்தில் இருந்தது. மிச்சம் எப்போதும் இடது பாதியில்தான், கோடு கிழித்த மாதிரி. தட்டை அப்படியே திருப்பி வைத்தேன், "இப்பதான் வச்சியா?" என்று மீதியையும் முடித்துவிட்டார். யோசித்துப் பார்த்தால் சவரமும் வலது கன்னத்தில் மட்டும்தான்.

தெரபிஸ்ட் கடிகாரம் வரையச் சொன்னார். 12 எண்களையும் வலது பாதியிலேயே நெருக்கி எழுதினார் அப்பா. கண் பார்க்கிறது, மூளைதான் இடப்பக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லையாம்.

தட்டைத் திருப்புவது அவசரத்துக்குச் சரி, ஆனால் அவராகவே இடப்பக்கம் திரும்பப் பழக வேண்டும். மேசையின் இடது ஓரத்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினோம், கண்ணால் அதைத் தேடிப் பிடித்த பிறகுதான் முதல் கவளம். மூன்று வாரத்தில் தட்டு காலியாக ஆரம்பித்தது, அப்பாடா என்றிருந்தது. இடது தோள் மட்டும் இன்னும் நிலைப்படியில் இடிக்கிறது, அங்கேயும் டேப் ஒட்டியிருக்கிறேன்.