குறுக்கு ஓரம் இழுபடாமல் குயில்ட் கட்டங்களை இணைக்கும் முறை

ரவிக்கைக் கழுத்துக்குக் கிராஸ் பீஸ் வெட்டிப் பழகியவர்களுக்குச் சாய்வாக வெட்டிய துணி எப்படி நீளும் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே அந்த நீட்சிதான் நமக்கு வேண்டியது. கழுத்து வளைவில் துணி சுருக்கமின்றிப் படிவது அதனால்தான். ஆனால் துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைக்கும் போர்வையான குயில்ட்டின் கட்டத்தில் ஒவ்வொரு ஓரமும் அடுத்த துண்டின் ஓரத்தோடு அளவு பிசகாமல் பொருந்தியாக வேண்டும் என்பதால், அதே நீட்சி அங்கே பெரும் தொல்லையாகிவிடுகிறது.

ஒரு பருத்திக் கைக்குட்டையைப் பாவு நூல் (நெடுக்கு நூல்) ஓடும் திசையில் இழுத்தால் ஏறக்குறைய அசையாது. அதற்குக் குறுக்கே ஓடும் ஊடை நூலின் திசையில் சற்றே கொடுக்கும். எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தாலோ நன்றாக நீண்டு, நடுவில் ஒடுங்கும். அப்போது நீள்வது நூல் அல்ல. நூல்களுக்கு இடையே இருக்கும் சதுரக் கண்கள் சாய்சதுரமாகச் சரிகின்றன, அவ்வளவுதான். ஆகவே நூல்களுக்கு 45 டிகிரியில் சாய்வாக வெட்டிய ஓரமே மிக அதிகமாக இழுபடும் ஓரம்; குறுக்கு ஓரம் என்பது இதைத்தான். நூல் நீளாததால், இழுபட்ட துணியை ஓரளவு பழைய நிலைக்குக் கொண்டுவரவும் முடியும்.

முதல் பாதுகாப்பு கஞ்சி. துணியை அலசி, வடிகட்டிய கஞ்சியில் முக்கி, முழுவதும் உலரவிட்டு, நூலோட்டத்தின் திசையிலேயே இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரியையோ ரோட்டரி கட்டரையோ (உருட்டி வெட்டும் வட்டக் கத்தி) எடுக்க வேண்டும். வெட்டிய பிறகு கஞ்சி போட்டால் ஈரத்திலேயே ஓரம் உருமாறிவிடும். துணி ஏறக்குறைய தாளைப் போல மொடமொடப்பாக இருப்பது நல்லது. அரிசிக் கஞ்சி அடர்நிறத் துணியில் வெண்திட்டு விடக்கூடும் என்பதால் அதற்கு மட்டும் சற்று நீர்க்கக் கரைத்துக்கொள்ளலாம். கஞ்சிக்குப் பூச்சி வரும். வேலை முடிந்ததும் போர்வையை ஒருமுறை துவைத்துவிட வேண்டும்.

அதைவிட மேலான வழி, குறுக்கு ஓரத்தை வெளியே காட்டாமலேயே தைத்துவிடுவது. இரு நிற முக்கோணங்கள் சேர்ந்து சதுரமாகி, அப்படிப்பட்ட நான்கு சதுரங்கள் காற்றாடி போல அமையும் 8 அங்குலக் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். முக்கோணங்களைத் தனித்தனியாக வெட்டி இணைத்தால், அவற்றின் நீண்ட பக்கங்கள் எட்டும் கையில் பட்டுப் பட்டு இழுபடும். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு நிறத்திலும் 5 அங்குலச் சதுரங்கள் இரண்டிரண்டு வெட்டி, நிறத்துக்கொன்றாக நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க அடுக்கி, மூலைக்கு மூலை பென்சில் கோடு போட்டு, அந்தக் கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்த பிறகு, கோட்டின் மேல் வெட்டுங்கள். குறுக்கு ஓரம் உருவாகும்போதே அதன் பக்கத்தில் தையல் இருக்கும். ஒரு ஜோடிக்கு இரண்டு வீதம் நான்கு சதுரங்கள் கிடைக்கும்; ஸ்கேலின் 45 டிகிரிக் கோட்டைத் தையலின் மேல் பொருத்தி, ஒவ்வொன்றையும், தையலுக்கான கால் அங்குலம் எல்லாப் பக்கமும் சேர்த்து, 4½ அங்குலத்துக்குச் சீராக்கிக்கொள்ளலாம். கணக்குப்படி 4⅞ அங்குலமே போதும் என்றாலும், அந்தச் சிறு மிச்சத்தைச் சேமிக்கப்போய்க் கட்டமே கோணலாவதை நான் விரும்புவதில்லை.

எட்டு முனை நட்சத்திரம் போன்ற வடிவங்களில் இந்த உபாயம் செல்லாது. அப்போது குறுக்கு ஓரத்தைக் கீழேயும் நேர் ஓரத்தை மேலேயும் வைத்துத் தையுங்கள். இயந்திரத்தின் பற்கள் அடித்துணியைச் சற்றே கூடுதலாக உள்ளே தள்ளுவதால், மிகுதியான நீளம் அங்கேயே அடங்கிவிடும். குண்டூசியை முதலில் இரு முனைகளிலும், அடுத்து நடுவிலும், பிறகு இடைவெளிகளிலும் குத்த வேண்டும். தையல் நீளம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் போதும். பின்னாலிருந்து துணியை இழுக்கும் பழக்கம் இருந்தால் அந்தக் கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தையலில் தப்பித்த கட்டம் இஸ்திரி மேசையில் கெடுவதுண்டு. என் முதல் காற்றாடியில் ஆவியைத் திறந்துவிட்டு, சட்டைக்குத் தேய்ப்பது போலத் தையலின் நெடுகத் தேய்த்தேன். சதுரமாக இருந்தது பட்டம் போல ஆகி, தையல் இருந்த மூலைவிட்டம் மற்றதைவிடக் கால் அங்குலம் நீண்டிருந்தது. பெட்டியை வைத்து, எடுத்து, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. விரிப்பதற்கு முன் மூடிய நிலையிலேயே தையலை ஒருமுறை அழுத்திவிட்டால் அது படிந்துகொள்ளும். சீராக்கிய 4½ அங்குலச் சதுரத்தின் இரு மூலைவிட்டங்களும் ஏறக்குறைய 6⅜ அங்குலம் இருக்கின்றனவா என்று அளந்து பார்த்தால் ஐயம் தீரும்.

கட்டங்களைச் சாய்த்து, மூலை மேலே வருமாறு அடுக்கும்போது ஓரத்தை நிரப்பும் முக்கோணங்களில்தான் பலரும் தவறுகிறார்கள். போர்வையின் வெளி ஓரமாக வரும் பக்கம் நேர் நூலோட்டத்தில் இருக்க வேண்டும். 12 அங்குலக் கட்டத்துக்கு, பக்க முக்கோணங்களை 18¼ அங்குலச் சதுரத்தை இரு மூலைவிட்டங்களிலும் வெட்டி நான்காகவும், மூலை முக்கோணங்களை 9⅜ அங்குலச் சதுரத்தை ஒரே மூலைவிட்டத்தில் வெட்டி இரண்டாகவும் எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே விதமாக வெட்டினால் போர்வையின் ஓரம் அப்பளம் போல நெளியும். எந்தக் காரணத்தாலாவது வெளி ஓரம் குறுக்காக அமைந்துவிட்டால், விளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே ஒரு காவல் தையல் போட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே நீண்டுவிட்ட துண்டை இஸ்திரி மேசையில் சரியான அளவுக்கு வரைந்த சதுரத்தின் மேல் வைத்து, கண்ணாடித் தலைக் குண்டூசிகளால் நான்கு மூலைகளையும் நிறுத்தி, லேசாக நீர் தெளித்து, மேலிருந்து பெட்டியை அழுத்தி, உலரும் வரை அசைக்காமல் விடுங்கள். அதற்கும் அடங்காமல் நடுவில் புடைத்து நிற்கும் துண்டைப் பிரித்துவிட்டுப் புதிதாக வெட்டுவதுதான் வேலையைக் குறைக்கும்.