பழைய பைக்கில் ஆயில் ஒழுகுகிறதா? ஸ்பேனருக்கு முன்னால் பவுடர் டப்பாவை எடுங்கள்

பழைய மோட்டார் சைக்கிள் என்றால் ஆயில் ஒழுகத்தான் செய்யும் என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. மிக ஆரம்பகால வண்டிகளில் எஞ்சினுக்குள் போன ஆயில் டேங்குக்குத் திரும்பி வரவே வராது. கொஞ்சம் எரியும், மீதி வெளியே சிந்தும், அவ்வளவுதான். ஆனால் பம்பு வைத்து ஆயிலைச் சுற்றவிடும் எஞ்சினில், காலையில் தரையில் ஒரு குட்டை நின்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தேடினால் கிடைக்கும்.

தேடாமல் பலரும் செய்வது, ஈரமாகத் தெரியும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் போல்டை இன்னும் ஒரு சுற்று முறுக்குவது. பழைய எஞ்சின்களின் உடம்பு அலுமினியம், போல்ட் இரும்பு. முறுக்க முறுக்க மரை பிய்த்துக்கொண்டு வரும், கவர் வளையும், ஒழுகல் கூடும். அதனால் முதல் நான்கு படிகளுக்கு ஸ்பேனரே வேண்டாம்.

படி 1: கழுவுங்கள்

பல வருட அழுக்கும் எண்ணெயும் அப்பிய எஞ்சினில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எஞ்சின் ஆறியிருக்கும்போது டிகிரீசரோ மண்ணெண்ணெயோ போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்துத் துடையுங்கள். சிலிண்டரைச் சுற்றியிருக்கும், சூட்டைத் தணிக்கும் தகடுகளுக்கு நடுவில், கியர் லீவர் ஷாஃப்ட்டைச் சுற்றி, முன் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் எல்லாம் விட்டுவிடாதீர்கள். அதிக அழுத்தத் தண்ணீரை கார்புரேட்டர் பக்கமும், தீப்பொறி தரும் பாகங்களான மேக்னெட்டோ, பாயின்ட்ஸ் பக்கமும் அடிக்காதீர்கள். பிறகு முழுக்க உலரவிடுங்கள்.

படி 2: ஒழுகுவது என்ன, எப்போது?

கீழே ஒரு வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். எஞ்சின் ஆயில், கியர் ஆயில், பிரைமரி செயின் (எஞ்சினையும் கிளட்ச்சையும் இணைக்கும் செயின்) கவர் ஆயில், ஃபோர்க் ஆயில், பெட்ரோல், பின் செயினில் இருந்து தெறிக்கும் கிரீஸ் என எது வேண்டுமானாலும் சொட்டலாம். விரலில் தொட்டு மோந்து பாருங்கள். கியர் ஆயிலுக்குக் கந்தக நெடி உண்டு, ஒரு முறை மோந்தால் மறக்காது. பெட்ரோல் வாடை வந்தால் எஞ்சினை விட்டுவிட்டு முதலில் கார்புரேட்டரைப் பாருங்கள். அது தீ விஷயம்.

எப்போது ஒழுகுகிறது என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. வண்டி சும்மா நிற்கும்போது மட்டும் சொட்டினால், ஆயில் மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஏதோ ஒன்று: டிரெயின் போல்ட் (ஆயிலை வடிக்கும் போல்ட்) வாஷர், கீழ்ப்பக்கத்து கேஸ்கெட் (இரண்டு பாகங்களுக்கு நடுவில் வைக்கும் தாள்), கியர் ஷாஃப்ட் சீல் (ஷாஃப்ட்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்). ஓடும்போது மட்டும் வந்தால், உள்ளே அழுத்தம் கூடுகிறது அல்லது சுழலும் ஷாஃப்ட் ஒன்றின் சீல் போய்விட்டது. சைடு ஸ்டாண்டில் சாய்த்தால் ஒழுகி, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினால் நின்றுவிட்டால் சாய்ந்த பக்கத்துக் கவரைச் சந்தேகப்படுங்கள்.

படி 3: எதையும் கழற்றும் முன் பிரீதரைப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். என்னைக் கேட்டால் பழைய பைக் ஒழுகலில் இதுதான் பெரிய விஷயம்.

பிஸ்டன் கீழே இறங்கும்போது அதன் அடியில் இருக்கும் காற்று எங்காவது போயாக வேண்டும். 500 சிசி ஒற்றை சிலிண்டர் என்றால் ஒவ்வொரு இறக்கத்திலும் அரை லிட்டர் காற்று. பழைய டிரையம்ஃப், பிஎஸ்ஏ 650 எஞ்சின்களில் இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி சேர்ந்தே இறங்கும், அதாவது 650 சிசி காற்று ஒரே தள்ளாக. ஒன்று ஏற ஒன்று இறங்கும் பழைய ஹோண்டா சிபி350 போன்ற எஞ்சின்களில் காற்று உள்ளுக்குள்ளேயே இடம் மாறிக்கொள்ளும், தொல்லை குறைவு. இந்தக் காற்று வெளியேறத்தான் பிரீதர். அது அடைத்திருந்தாலோ குழாய் மடங்கியிருந்தாலோ காற்று வேறு வழி தேடும், கூடவே ஆயிலையும் இழுத்துக்கொண்டு வரும். எந்த கேஸ்கெட் பலவீனமோ அங்கே ஒழுகும். நீங்கள் அதை மாற்றுவீர்கள், அடுத்த வாரம் வேறு இடத்தில் ஒழுகும்.

பிரீதர் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். ஒருவழி வால்வு இருந்தால் எஞ்சினில் இருந்து வெளியே போகும் திசையில் மட்டும் காற்று போக வேண்டும். இரண்டு பக்கமும் போனாலோ, ஒரு பக்கமும் போகாவிட்டாலோ வால்வு கெட்டுவிட்டது. பிரீதர் சுத்தமாக இருந்தும் அதில் இருந்து தொடர்ந்து நீலப் புகை கொட்டினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை எந்த கேஸ்கெட்டும் சரிசெய்யாது.

ஆயில் மட்டத்தையும் இப்போதே பாருங்கள். தனி ஆயில் டேங்க் வைத்த டிரை சம்ப் வண்டிகள் பல நாள் நின்றால், டேங்க்கில் இருக்கும் ஆயில் பம்பு வழியாக மெதுவாக எஞ்சினின் அடிப்பெட்டியான க்ராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். நார்ட்டன் கமாண்டோ இதற்குப் பேர்போனது. டேங்க் காலியாகத் தெரிகிறதே என்று மேலே ஊற்றினால் அளவுக்கு மேல் ஆயில் ஆகிவிடும், ஸ்டார்ட் செய்ததும் பிரீதர் வழியாகக் கக்கும். எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, நிறுத்திய உடனே பார்ப்பதுதான் சரியான அளவு. இந்த இறக்கத்தைத் தடுக்க ஆயில் குழாயில் கைத்திருகு வால்வு வைப்பவர்கள் உண்டு. நான் வைக்க மாட்டேன். ஒரு நாள் திறக்க மறந்தால் எஞ்சின் காலி.

படி 4: பவுடர் போடுங்கள்

சுத்தமாக உலர்ந்த எஞ்சின் மேல் முகத்துக்குப் போடும் சாதாரண டால்கம் பவுடரை மெல்லிதாகத் தூவுங்கள். மூடிய அறையில் வேண்டாம், வெளியே வைத்து எஞ்சினை ஓடவிடுங்கள்; புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. சூடு ஏறியதும் நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஆயில் புறப்பட்ட இடம் கருங்கோடாகத் தெரியும்.

ஆயில் கீழ்நோக்கி வழியும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் சொட்டும் இடத்தைப் பார்க்காதீர்கள். ஈரத்தின் மிக உயர்ந்த, மிக முன்னால் இருக்கும் புள்ளியைத் தேடுங்கள். கியர்பாக்ஸுக்கு அடியில் சொட்டும் ஆயில், எஞ்சினின் மேலே வால்வுப் பாகங்களை மூடியிருக்கும் டேப்பட் கவரில் இருந்து புறப்பட்டதாக இருக்கலாம். பவுடரில் பிடிபடாத மெல்லிய கசிவுக்கு, ஆயிலில் கலக்கும் புற ஊதாச் சாயமும் அதற்கான டார்ச்சும் கிடைக்கின்றன.

படி 5: சரிசெய்வது

எளிதானதில் தொடங்குங்கள். டிரெயின் போல்ட்டில் செம்பு வாஷர் இருந்தால், ஒரு முறை நசுங்கிய செம்பு இறுகிப்போயிருக்கும். அடுப்புத் தீயில் மங்கிய சிவப்பாகும் வரை காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி மெத்தென்றாகிவிடும். அலுமினிய வாஷர் என்றால் புதிதுதான்.

டேப்பட் கவர், சைடு கவர்களில் பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட இரும்பு உளி வேண்டாம், பிளாஸ்டிக் சுரண்டியோ மரக்குச்சியோ போதும். ஒரு கீறல் விழுந்தால் அதுவே ஆயிலுக்குப் பாதை. பழைய ஜப்பான் வண்டிகளில் நட்சத்திரத் தலை திருகுகள் சாதாரண ஃபிலிப்ஸ் இல்லை, ஜேஐஎஸ் என்ற ஜப்பான் தரத்தின் வேறு வடிவம். ஃபிலிப்ஸ் டிரைவர் நழுவித் தலையை வழித்துவிடும். அதற்கான டிரைவரையே வாங்கிக்கொள்ளுங்கள்.

கவரைக் கழற்றியதும் தளம் நேராக இருக்கிறதா பாருங்கள். தடிமனான கண்ணாடி மேல் 400 நம்பர் நீர் எமரித் தாளை வைத்து, கவரின் விளிம்பெல்லாம் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, எட்டு வடிவில் மெதுவாக நான்கைந்து முறை தேயுங்கள். கோடு அழியாத இடம் பள்ளம். பெரும்பாலும் திருகு ஓட்டைகளைச் சுற்றித்தான் மேடு தட்டியிருக்கும், யாரோ அளவுக்கு மீறி முறுக்கியதன் அடையாளம். கோடு எல்லா இடமும் அழியும் வரை தேய்த்து, பொடியை நன்றாகக் கழுவுங்கள். இந்த வேலை தனிக் கவர்களுக்கு மட்டும். க்ராங்க்கேஸின் இரண்டு பாதிகளில் கை வைக்காதீர்கள், பேரிங் இடங்கள் தடம் மாறிவிடும்.

புதிய கேஸ்கெட் பழைய தடிமனிலேயே இருக்க வேண்டும். சிலிண்டருக்கு அடியில் போடும் கேஸ்கெட் தடித்தால் கம்ப்ரஷன் குறையும். காய்ந்து கட்டியாகாத வகை சீலண்டை ஒரு படலமாகத் தடவினால் போதும். சிலிகான் சீலண்டைப் பிதுக்கி அப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். வெளியே எவ்வளவு பிதுங்கியதோ அவ்வளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும், அது பிய்ந்து ஆயில் துளையில் போய் அடைக்கும். திருகுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். மேனுவலில் டார்க் அளவு (எவ்வளவு விசையில் முறுக்க வேண்டும் என்பது) இருந்தால் அதற்கு மேல் போகவே கூடாது. மரை போயிருந்தால், புது மரையாக அமையும் கம்பிச் சுருளான ஹெலிகாயில் போடலாம்.

டிரையம்ஃப் போன்ற எஞ்சின்களில் புஷ்ராடு (வால்வைத் திறக்க உந்தும் கம்பி) குழாய்களின் மேலும் கீழும் ரப்பர் வளையங்கள் உண்டு. வருடங்கள் ஆனால் கல்லாகிவிடும். மாற்றுவது எளிது, ஆனால் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற வேண்டும். புது ஹெட் கேஸ்கெட் போட்டால் முதல் ஓட்டத்துக்குப் பிறகு, எஞ்சின் முழுக்க ஆறியதும் ஹெட் போல்ட்களை மறுபடி டார்க் செய்து, டேப்பட் இடைவெளியையும் சரிபாருங்கள்.

சுழலும் ஷாஃப்ட்களின் ஆயில் சீலில் அளவு பொறித்திருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், மூன்றும் பெரும்பாலும் மி.மீ.-இல். சுருள் ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலைப் பார்த்திருக்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி, ஷாஃப்ட்டின் பற்கள் மேல் டேப் சுற்றி நுழையுங்கள், இல்லாவிட்டால் புது சீல் முதல் நாளே கிழியும். வெளிவிளிம்பில் சமமாக உட்காரும் பாக்ஸ் ஸ்பேனரை வைத்து மெதுவாகத் தட்டி இறக்குங்கள். அதற்கு முன் ஷாஃப்ட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் ஒழுகும். இடம் இருந்தால் சீலை ஒன்றிரண்டு மி.மீ. முன்னே பின்னே உட்கார வைக்கலாம், அல்லது ஷாஃப்ட் மேல் மெல்லிய எஃகு ஸ்லீவ் போடலாம்.

படி 6: மறுபடி பவுடர்

ஒரு இடத்தைச் சரிசெய்ததும் கழுவி, பவுடர் தூவி, ஓட்டிப் பாருங்கள். ஒரே நேரத்தில் நாலு இடத்தைப் பிரித்தால் எது காரணம் என்றே தெரியாது.

க்ராங்க்கேஸ் இணைப்பில் மட்டும் லேசாக ஈரம் படிகிறது என்றால் அதற்காக எஞ்சினை முழுக்கப் பிரிக்க வேண்டியதில்லை. அடுத்த ஓவர்ஹாலின்போது பார்த்துக்கொள்ளலாம், அதுவரை கீழே ஒரு தட்டு, ஓட்டுவதற்கு முன் ஆயில் மட்டம். ஆனால் அது பின் டயரிலோ பிரேக்கிலோ படுகிறது என்றால், சரிசெய்யும் வரை வண்டியை எடுக்க வேண்டாம்.