எலி அதிக நாள் வாழ்ந்தது, சரி, அதனால் நாமும் வாழ்வோமா?

சாப்பாட்டைக் குறைத்தால் ஆயுள் கூடும் என்று பேச்சு வரும்போதெல்லாம் முதலில் வந்து நிற்பது எலிதான். 1935-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே எலிகளுக்குக் கலோரியைக் குறைத்தார், வைட்டமினையும் தாதுச் சத்தையும் குறைக்கவில்லை, அவை மற்ற எலிகளைவிட நீண்ட காலம் வாழ்ந்தன. இதில் சத்து குறையவில்லை என்பதை விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் போதும் என்று புரிந்துகொள்கிறார்கள், பெரிய ஆபத்தே இதுதான். அப்புறம், எல்லா எலிக்கும் இது பொருந்துவதுமில்லை. 2010-ல் வெளியான ஓர் ஆய்வில் சுமார் 40 மரபு வகைச் சுண்டெலிகளுக்கு 40 சதவீதம் உணவைக் குறைத்தபோது, ஆயுள் கூடிய வகைகளைவிடக் குறைந்த வகைகளே அதிகம்.

எதோடு ஒப்பிட்டார்கள் என்று பார்க்காமல் முடிவை மட்டும் படிப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அமெரிக்காவில் ரீசஸ் குரங்குகளை வைத்து 1980-களின் இறுதியில் இரண்டு ஆய்வுகள் தொடங்கின. உணவைக் குறைத்த குரங்குகளில் முதுமை நோய்ச் சாவு குறைவு என்று விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு 2009-ல் சொன்னது. ஆயுளில் வித்தியாசமே இல்லை என்று தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் 2012-ல் சொன்னது. தட்டில் என்ன இருந்தது என்று பாருங்கள்: விஸ்கான்சின் உணவில் கால் பங்குக்கு மேல் சர்க்கரை, உணவைக் குறைக்காத ஒப்பீட்டுக் குரங்குகள் வேண்டிய மட்டும் தின்றன. மற்ற இடத்தில் சர்க்கரை 4 சதவீதம் போல, ஒப்பீட்டுக் குரங்குகளுக்கும் அளந்துதான் போட்டார்கள். ஏற்கெனவே அளவாகச் சாப்பிடுகிற உயிருக்கு இன்னும் குறைத்துப் பெரிதாகக் கிடைப்பது ஒன்றுமில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. லாப்ரடார் நாய்களிலும் இதே கதைதான். கூடப் பிறந்ததைவிட 25 சதவீதம் குறைவாகத் தின்ற நாய்கள் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் அதிகம் வாழ்ந்தன, ஆனால் அந்த மற்ற நாய்கள் எடை கூடியவை.

ஆயுளை மட்டும் எண்ணுவதும் தப்பு. பிரான்ஸில் சுண்டெலி லெமூர்களுக்கு (குரங்கினத்துக்கு உறவான ஒரு சின்ன விலங்கு) உணவை 30 சதவீதம் குறைத்தபோது ஆயுள் ஏறக்குறைய பாதி கூடியது, ஆனால் மூளையின் சாம்பல் பகுதி வேகமாகச் சுருங்கியது.

மனிதர்களிடம் நிரூபித்தாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கலெரி என்ற அமெரிக்க ஆய்வில் உடல்பருமன் இல்லாதவர்கள் இரண்டு வருஷம் 25 சதவீதம் குறைக்க முயன்று சராசரியாக 12 சதவீதம்தான் குறைத்தார்கள். ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் இறங்கின, ஆயுளை அந்த இரண்டு வருஷத்தில் அளக்கவே முடியாது. வளரும் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இதைத் தொடவே வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீர்கள், சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கி விழ நேரலாம்.