ஸ்பீட்பால் 2: அமிகா 1200-ல் கறுப்புத் திரை

1990-ல் பிட்மேப் பிரதர்ஸ் நிறுவனம் உருவாக்கிய இந்த கம்ப்யூட்டர் ஆட்டம், கமடோரின் பழைய ஹோம் கம்ப்யூட்டரான அமிகா 500 காலத்தது. பின்னால் வந்த அமிகா 1200-ன் 68020 ப்ராசஸரில் உள்ள கேஷும் (வேகத்துக்கான சிறு நினைவகம்) ஏஜிஏ சிப்செட்டும் (திரையில் படம் காட்டும் சிப்கள்) அக்காலத்து ஆட்டங்கள் பலவற்றைத் தடுமாற வைக்கும். என் மெஷினில் பாதி லோடானதும் திரை கறுத்து நின்றது.

மெஷினை அணைத்து, மவுஸின் இரு பட்டன்களையும் அழுத்திப் பிடித்தபடியே ஆன் செய்தேன். வந்த மெனுவில் சிப்செட்டை 'ஒரிஜினல்' ஆக்கி, சிபியு கேஷை நிறுத்திவிட்டு பூட் செய்தேன், ஓடியது. அணைத்தால் இந்த அமைப்பு போய்விடும், மறுபடி செய்ய வேண்டும். எரிச்சல்தான்.

ஃப்ளாப்பி டிரைவ் ஒரே இடத்தில் கரகரத்துத் திணறினால் கேஷைக் குற்றம் சொல்லாதீர்கள். டிஸ்கைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு: பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். மேல் ஹெட்டை நெம்பித் தூக்கினால் அலைன்மென்ட் (ஹெட் நிற்க வேண்டிய சரியான நிலை) போச்சு.