சிமுலேஷனை ஒருமுறை இறக்கினால் போதும், வகுப்பு முழுக்கப் பார்க்கலாம்

உயர்தரப் பௌதிகவியலுக்கு ஃபெட் (PhET) சிமுலேஷன்களை, அதாவது பரிசோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் பாவனைகளைப் பார்ப்பவர்கள், ஒவ்வொரு தடவையும் இணையத்தில் திறந்து டேட்டாவைக் கரைக்க வேண்டாம். சிமுலேஷன் பக்கத்திலுள்ள டவுன்லோட் குறியை அழுத்தி ஒருமுறை இறக்கிவிடுங்கள். ஒருவர் மட்டக்களப்பு நகரில் வைஃபை கிடைக்கும் இடத்தில் இறக்கினால், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊர்களிலுள்ள கூட்டாளிகளுக்கும் புளூடூத்தில் அனுப்பலாம்.

அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் 2002இல் தொடங்கிய இலவசத் திட்டம்தான் ஃபெட். இதன் புதிய சிமுலேஷன்கள் எச்.டி.எம்.எல்.5 வகை. படம், கணக்கு, நிரல் எல்லாம் ஒரே கோப்புக்குள் அடங்கியிருப்பதால் பிரவுசர் மட்டும் இருந்தால் ஓடும், இணையம் தேவையில்லை. மின்சுற்று, ஊசல், அலை மூன்றும் இறக்கி வைக்க வேண்டியவை. சிலவற்றுக்குத் தமிழ்ப் பதிப்பும் உண்டு. இறக்குவதற்கு முன்பே மொழியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் கோப்பைத் தொட்டதும் வெறும் வெள்ளைத் திரை வந்தால், 'ஓபன் வித்' கொடுத்துக் குரோமைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதிய பழைய சிமுலேஷன்கள் போனில் ஓடாது, கணினி வேண்டும். ஐபோனிலும் இந்தக் கோப்பு வழி லேசில் சரிவராது. அப்புறம், வேர்னியர் இடுக்கியையும் திருகுக் கணிச்சியையும் கையில் பிடித்து அளந்தே பழக வேண்டும். அளவீட்டு வழு திரையில் வராது, ஆய்வுகூடத்தில் வரும்.