கறவை மாட்டுக்குக் கொழுப்பு: எப்போது, எதை, எவ்வளவு?

பாலில் கொழுப்பு ஏறட்டும் என்று தீவனத்தில் எண்ணெய் ஊற்றுபவர்கள் மாதவரம், செங்குன்றம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது அதற்கு நேர்மாறு. மாட்டின் வயிற்றுக்கு நான்கு அறைகள்; எண்ணெயானது அதன் முதல் வயிற்றில் நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிரிகளை முடக்கிவிடும். வைக்கோல் சரியாகச் செரிக்காது, பாலின் கொழுப்பும் இறங்கும்.

1. கன்று ஈன்ற தேதியைப் பாருங்கள்

ஈன்ற 6 முதல் 8 வாரத்தில் பால் உச்சத்துக்குப் போகும். தீனி எடுப்பு அந்த வேகத்தில் ஏறாது. பற்றாக்குறைக்கு மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைக்கும். அளவு மீறினால் கல்லீரலில் கொழுப்பு சேரும், கொழுப்பு உடையும்போது உண்டாகும் கீட்டோன் என்ற பொருள்களும் இரத்தத்தில் பெருகும். மாடு அடர்தீவனத்தை (தானிய மாவு, தவிடு, பிண்ணாக்குக் கலவை) ஒதுக்கும், மூச்சில் ஒருவித இனிப்பு வாடை வரும், பால் விழும். அப்படியானால் மருத்துவரைக் கூப்பிடுங்கள், தீவனத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆக, கொழுப்பு தேவைப்படுவது ஈனுவதற்கு 10 நாள் முன்பிருந்து, ஈன்ற 90 நாள் வரை. வற்றப்போகிற மாட்டுக்குக் கொடுப்பது காசுக்குக் கேடு.

2. பைபாஸ் கொழுப்பாக வாங்குங்கள்

இது பெரும்பாலும் பாமாயிலின் கொழுப்பு அமிலங்களைக் கால்சியத்தோடு சேர்த்துச் செய்வது. முதல் வயிற்றில் கரையாமல் நழுவி, அமிலம் மிகுந்த நான்காம் வயிற்றில் பிரிந்து, குடலில் உறிஞ்சப்படும். மாவுச்சத்தைப்போல் இரண்டேகால் மடங்கு ஆற்றல்.

3. கணக்குப் போடுங்கள்

லிட்டர் பாலுக்கு 15 முதல் 20 கிராம். 10 லிட்டர் கறக்கும் கலப்பின மாட்டுக்கு நாளைக்கு 150 முதல் 200 கிராம். தீவனத்தின் மொத்த உலர் எடையில் கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. தவிடு, பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை எல்லாவற்றிலும் ஏற்கெனவே கொழுப்பு உண்டு, அதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. பைபாஸ் கொழுப்பின் சோப்பு வாடையால் சில மாடுகள் முகத்தைத் திருப்பும். 50 கிராமில் தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் கூட்டுங்கள். அடர்தீவனத்தில் பிசைந்து வைத்தால் தின்றுவிடும்.

4. மக்காச்சோளத்தைக் குறைக்காதீர்கள்

கொழுப்பு வைக்கிறோமே, மக்காச்சோள மாவை நிறுத்தினால் செலவு மிச்சம் என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். பாலின் அளவைத் தீர்மானிப்பது பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ், அதற்குக் குளுக்கோஸ் வேண்டும். முதல் வயிற்றில் மாவுச்சத்து நொதிக்கும்போது வரும் புரோபியோனேட் என்ற அமிலப் பொருளிலிருந்துதான் கல்லீரல் பெரும்பங்கு குளுக்கோஸைச் செய்கிறது. கொழுப்பு அமிலங்களிலிருந்து அதைச் செய்ய மாட்டால் முடியாது. கொழுப்பு செய்யும் உதவி வேறு: நேராக மடிக்குப் போய்ப் பால்கொழுப்பாகிவிடும், அதைத் தயாரிக்கச் செலவாகும் குளுக்கோஸில் கொஞ்சம் மிஞ்சும்.

தாது உப்புக் கலவையும் வழக்கம்போல் தொடரட்டும்.

5. கத்திரி வெயிலில்

நார்த்தீவனம் செரிக்கும்போது உடம்புச்சூடு கூடும், கொழுப்பில் அது குறைவு. சென்னை மே மாதத்தில் மாடு கொஞ்சமாகத் தின்றாலும் ஆற்றல் கிடைக்க இது வழி. அடர்தீவனத்தை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் வையுங்கள். தண்ணீர்த் தொட்டி மட்டும் எந்நேரமும் நிறைந்திருக்கட்டும்.